கடலுக்குப் போகணுமா? தென்பெண்ணையின் பின்னாலேயே போங்க

தர்மபுரியில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "நாங்கள் ஐந்து நண்பர்கள். பிப்ரவரியில் நான்கு நாள் லீவு சேர்ந்து கிடைக்கிறது. கடலும் வேண்டும், கோட்டை, பழைய கோயில் மாதிரி வரலாற்று இடங்களும் வேண்டும். கோவாவா, ராமேஸ்வரமா, புதுச்சேரியா என்று ஒரு மாதமாகப் பேசிப் பேசி இன்னும் முடிவாகவில்லை. எங்கே போகலாம், எப்படிப் போகலாம்?"

நான் காவேரிப்பட்டணத்துக்காரன், பள்ளியில் வரலாறு எடுக்கிறேன். நாங்களும் ஐந்து பேர்தான். பதினைந்து வருஷத்துக்கு மேலாக, தை பிறந்து பனி குறைய ஆரம்பித்ததும் ஒரு வண்டி எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவோம். எங்களில் ஒருவர் மாங்காய் மண்டி வைத்திருக்கிறார், ஒருவர் போச்சம்பள்ளிப் பக்கம் விவசாயம், மற்ற இரண்டு பேரும் என்னைப் போல வாத்தியார்கள். கோவாவுக்கும் போயிருக்கிறோம், ராமேஸ்வரத்துக்கும் போயிருக்கிறோம். நான்கு நாளில் கோவா என்றால் போக ஒரு நாள், வர ஒரு நாள் வண்டியிலேயே போய்விடும். மிச்சம் இரண்டு நாள்தான். ராமேஸ்வரம் அருமையான இடம், ஆனால் வழியெல்லாம் நெடுஞ்சாலையைத் தவிர எதுவும் மனதில் நிற்காது.

எங்களுக்கு மறுபடி மறுபடி போகத் தோன்றிய வழி ஒன்று இருக்கிறது. அது நம்ம ஊர் ஆறு கடலுக்குப் போகிற வழி.

நமக்குக் கடல் இல்லை என்று சொல்கிறோமே தவிர, தர்மபுரி, கிருஷ்ணகிரி என்கிற நம்ம இரண்டு மாவட்டத்தையும் தொட்டுக்கொண்டு கடலுக்குப் போகிற ஆறுகள் இரண்டு இருக்கின்றன. ஒகேனக்கல்லில் விழுகிற காவிரி பூம்புகாரில் கடலைச் சேர்கிறது. கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம் பிறந்து ஓசூர் வழியாக வருகிற தென்பெண்ணை, 1957-ல் திறந்த கிருஷ்ணகிரி அணையில் தேங்கி, காவேரிப்பட்டணம், இருமத்தூர், அனுமன்தீர்த்தம், சாத்தனூர், திருக்கோவிலூர் என்று போய்க் கடலூரில் கடலில் விழுகிறது. ஊர்ப் பெயரில் ஒரு குழப்பம் உண்டு, சொல்லிவிடுகிறேன். எங்கள் காவேரிப்பட்டணம் இருப்பது தென்பெண்ணைக் கரையில். பூம்புகார் என்கிற காவிரிப்பூம்பட்டினம் வேறு.

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் கரை ஏறிய பிறகு ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியதே, நினைவிருக்கும். அந்தத் தண்ணீர் சாத்தனூர் அணைக்கு வந்து, அங்கே மதகுகளைத் திறந்து, கடலூர் வரைக்கும் ஊர்களை முழுக்கிவிட்டுத்தான் கடலுக்குப் போனது. கடலூர்க்காரர் ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தபோது, "நீங்க ஊத்தங்கரைப் பக்கமா? உங்க மழை எங்க வீட்டுக்குள்ள வந்துச்சு சார்" என்றார். அதைக் கேட்ட பிறகு அந்த ஊரை வேற்றூராக நினைக்க முடியவில்லை.

சரி, வழிக்கு வருகிறேன். போகும்போது ஆற்றோடு போங்கள். திரும்பும்போது செஞ்சி வழியாக மலைக்கு வாருங்கள். இதுதான் என் பதில். மற்றதெல்லாம் விவரம்.

முதல் நாள் காலை ஐந்து மணிக்கெல்லாம் தர்மபுரியை விட்டுவிடுங்கள். அரூர், ஊத்தங்கரை, சிங்காரப்பேட்டை, செங்கம். அரூருக்கும் ஊத்தங்கரைக்கும் நடுவில் அனுமன்தீர்த்தத்தில் ஆற்றைத் தாண்டும்போது ஐந்து நிமிஷம் நிறுத்துங்கள். பிப்ரவரியில் பாறைக்கும் மணலுக்கும் நடுவே கொஞ்சமாகத்தான் தண்ணீர் ஓடும். அடுத்த நாள் இதே ஆற்றின் முகத்துவாரத்தில் நிற்கப் போகிறீர்கள். இந்த இடத்தைப் பார்த்திருந்தால்தான் அது புரியும்.

சிங்காரப்பேட்டையில் இருந்து செங்கம் வரைக்கும் இரண்டு பக்கமும் மலை நெருக்கிக்கொண்டு வரும். ஜவ்வாது மலைக்கும் கல்வராயன் பக்கத்து மலைகளுக்கும் நடுவில் உள்ள இந்தச் சந்துதான் அந்தக் காலத்தில் மைசூர்ப் பக்கத்துக்கும் கடற்கரைக்கும் வாசல். 1767 செப்டம்பரில் ஹைதர் அலியும் ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையும் மோதிக்கொண்டது செங்கத்தில்தான். சங்க காலத்திலும் செங்கம் சின்ன ஊர் இல்லை. மலைபடுகடாம் பாடுகிற நன்னனின் ஊர் இது.

செங்கத்தில் இருந்து திருவண்ணாமலைக்குள் நுழைய வேண்டாம். சாத்தனூர், தண்டராம்பட்டு பக்கமாக இறங்கி மணலூர்ப்பேட்டைக்கு வாருங்கள். சாத்தனூர் அணையில் அரை மணி நேரம் போதும். நேரத்தை ஜம்பைக்குச் சேர்த்து வையுங்கள்.

ஜம்பையைப் பற்றி நான் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். மணலூர்ப்பேட்டைக்கு அடுத்து, பெண்ணைக் கரையில் உள்ள சின்னக் கிராமம். சோழர் காலக் கல்வெட்டுகள் நிறைந்த ஒரு சிவன் கோயில் இருக்கிறது. ஊருக்கு வெளியே ஒரு குன்று. "தாசிமடம் எங்கே?" என்று கேட்டால் யாரும் கை காட்டுவார்கள். அது ஒரு குகை. உள்ளே பாறையில் தமிழி (தமிழ் பிராமி) எழுத்தில் ஒரே ஒரு வரி: "ஸதியபுதோ அதியந் நெடுமாந் அஞ்சி ஈத்த பளி." அதியமான் நெடுமான் அஞ்சி கொடுத்த பள்ளி, அதாவது துறவிகள் தங்கும் இடம். தகடூரை, அதாவது இன்றைய தர்மபுரியை, ஆண்ட நம்ம அதியமான்தான். தர்மபுரியில் அவர் பெயரில் ஊர் இருக்கிறது, பள்ளிகள் இருக்கின்றன. ஆனால் அவர் பெயரைச் சொல்லும் இந்தப் பழங்கல்வெட்டு இருப்பது ஜம்பையில்.

1981-ல்தான் இந்த எழுத்து வெளியுலகத்துக்குத் தெரிந்தது. அதற்கு முன்னால் ஆராய்ச்சியாளர்களுக்கு ஒரு பெரிய புதிர் இருந்தது. அசோகரின் பாறைக் கட்டளைகளில், தெற்கே தன் ஆட்சிக்கு அப்பால் உள்ளவர்களாகச் சோழர், பாண்டியர், கேரளபுத்திரர் பெயர்களோடு 'சத்தியபுத்திரர்' என்று ஒரு பெயரும் வருகிறது. யார் இந்தச் சத்தியபுத்திரர் என்று பல காலம் ஆளுக்கொன்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஜம்பைக் கல்லின் முதல் சொல் அதற்குப் பதில் சொல்லிவிட்டது. சோழ பாண்டியரோடு சேர்த்து அசோகர் சொன்ன அந்த மரபு நம்ம அதியமான் மரபு.

முதல் தடவை நாங்கள் போனபோது, வெயில் சாய்வாக விழுந்ததால் எழுத்து நன்றாகத் தெரிந்தது. எங்கள் மாங்காய் மண்டிக்காரருக்குத் தமிழி தெரியாது. நான் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லச் சொல்ல, அவர் கல்லைத் தொடாமல் காற்றிலேயே விரலால் எழுதிக்கொண்டு வந்தார். 'அஞ்சி' என்று முடிந்த இடத்தில் விரல் அப்படியே நின்றுவிட்டது. "நம்ம ஆளா?" என்று மட்டும் கேட்டார். கீழே இறங்கும் வரை வேறு எதுவும் பேசவில்லை. நீங்களும் தயவுசெய்து எழுத்தின் மேல் சுண்ணாம்புக்கட்டியோ தண்ணீரோ பூசாதீர்கள், விரலால் தேய்க்காதீர்கள். படம் எடுக்க வேண்டுமானால் செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில் இருந்து அடித்தால் எழுத்து மேலே எழும்பித் தெரியும்.

அங்கிருந்து திருக்கோவிலூர். சங்க காலத்துக் கோவலூர், மலையமான் காரியின் ஊர். இந்த ஊரை அதியமான் படையெடுத்துப் போய் அழித்ததை ஔவையார் புறநானூற்றின் 99-ஆம் பாட்டில் பாடுகிறார். அதனால் நீங்கள் வந்த வழி சும்மா ஒரு பஸ் ரூட் இல்லை. தகடூரில் இருந்து கோவலூருக்கு ஒரு படை போயிருக்கிற திசை. உலகளந்த பெருமாள் கோயிலைப் பாருங்கள். முதலாழ்வார் மூவரும் ஒரு மழை இரவில் ஒரு சின்ன இடைகழியில் சந்தித்ததாகச் சொல்லப்படும் ஊர் இது. ஒருவர் படுக்கலாம், இருவர் இருக்கலாம், மூவர் நிற்கலாம் என்கிற அந்தக் கதை நண்பர்களோடு போகும்போது இன்னும் நன்றாக இருக்கும்.

அப்புறம் ஆற்றுக்குள் இறங்குங்கள். நடு ஆற்றில் ஒரு பாறை, அதன் மேல் ஒரு சின்னக் கட்டடம். அதுதான் கபிலர் குன்று. பாரி இறந்த பிறகு அவன் பெண்களுக்கு வாழ்க்கை அமைத்துக் கொடுக்க ஊர் ஊராக அலைந்த கபிலர், கடைசியில் உயிரை விட்ட இடம் இது என்கிறார்கள். இது வெறும் செவிவழிக் கதை இல்லை. பக்கத்தில் உள்ள வீரட்டானேஸ்வரர் கோயிலில் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டு ஒன்று 'கபிலக்கல்' என்று பெயர் சொல்லியே பேசுகிறது. செத்துப்போன நண்பனுக்காகக் கடைசி வரை நடந்த மனிதர். ஐந்து நண்பர்கள் சேர்ந்து பார்க்க இதைவிடப் பொருத்தமான பாறை எனக்குத் தெரிந்து தமிழ்நாட்டில் இல்லை. சாயங்காலம் வெயில் தாழ்ந்த பிறகு போங்கள். மழைக்காலத்தில் ஆற்றில் தண்ணீர் வந்தால் கரையில் நின்று பார்ப்பதோடு சரி.

இரவு கடலூர். திருக்கோவிலூரில் இருந்து இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறையும், கூடும். வழியில் பண்ருட்டி பக்கம் வந்தால் மண் சிவந்து, பலாவும் முந்திரியுமாக மாறும். நம்ம மாந்தோப்பையே பார்த்த கண்ணுக்கு அது நல்ல மாற்றம். ஆனால் பிப்ரவரியில் பலாப்பழம் எதிர்பார்க்காதீர்கள், மரத்தில் பிஞ்சுதான் இருக்கும்.

இரண்டாம் நாள் விடியற்காலையில் எழுந்து தாழங்குடா போங்கள். கடலூருக்கு வடக்கே மீனவர் ஊர். அதை ஒட்டித்தான் தென்பெண்ணை கடலில் கலக்கிறது. கோடையை ஒட்டிய மாதங்களில் முகத்துவாரத்தில் மணல்திட்டு ஏறி, ஆறு ஒரு பக்கமாக ஒதுங்கி, கடலுக்குள் போகத் தயங்குவது மாதிரி நிற்கும். ஒரு பக்கம் அசையாத தண்ணீர், இன்னொரு பக்கம் அலை. நம்ம கிழக்குக் கரையில் சூரியன் கடலில் இருந்து எழும்பும் என்பதால் காலைதான் பொழுது. கிருஷ்ணகிரியிலும் தர்மபுரியிலும் நமக்குச் சூரியன் எப்போதும் மலைக்குப் பின்னால் இருந்து, நன்றாக விடிந்த பிறகுதான் எட்டிப் பார்க்கும். இங்கே அது தண்ணீரின் ஓரத்தில், முட்டையின் மஞ்சள் கரு மாதிரி நசுங்கிய வடிவத்தில் வெளியே வரும். ஒரு நிமிஷம் கழித்துத்தான் வட்டமாகும். அந்த ஒரு நிமிஷத்துக்காகவே எழுந்திருக்கலாம்.

முகத்துவாரத்தில் குளிக்க இறங்க வேண்டாம். எங்கேயுமே ஆறும் கடலும் சேரும் இடத்தில் இறங்கக் கூடாது.

அங்கிருந்து கொஞ்சம் தெற்கே தேவனாம்பட்டினம். சில்வர் பீச் என்கிறார்கள். இங்கேதான் செயின்ட் டேவிட் கோட்டை இருந்தது. 1690-ல் மராட்டியரிடம் இருந்து கிழக்கிந்தியக் கம்பெனி அதை விலைக்கு வாங்கியது. வாங்கும்போது ஒரு விசித்திரமான ஒப்பந்தம். கோட்டையில் இருந்து பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம் வரைக்கும் உள்ள நிலமெல்லாம் கம்பெனிக்கு. எல்லாப் பக்கமும் குண்டு போட்டு எல்லை குறித்தார்கள். அதனால் அந்த ஊர்களுக்கே 'குண்டு கிராமங்கள்' என்று பெயர். குண்டு உப்பலவாடி என்று இன்றைக்கும் ஊர்ப் பலகையில் படிக்கலாம். 1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தபோது அங்கிருந்து தப்பி ஓடிவந்த ராபர்ட் கிளைவ் சேர்ந்த இடம் இந்தக் கோட்டைதான். பின்னால் 1756-ல் அவரே இதற்கு ஆளுநர் ஆனார். 1758-ல் பிரெஞ்சுத் தளபதி லாலி பிடித்து இடித்துவிட்டார். இன்று அங்கே மிஞ்சியது கொஞ்சம்தான், கோட்டை என்று நினைத்துப் போனால் ஏமாற்றமாக இருக்கும்.

ஆனாலும் அந்த இடத்தில் நின்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். இங்கே 1690-ல் நிலம் வாங்கியவர்கள், திப்புவிடம் இருந்து பாராமகாலை, அதாவது நம்ம கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கத்தை, எடுத்துக்கொண்டது 1792-ல். நீங்கள் முந்தின நாள் பகலுக்குள் தாண்டி வந்த தூரத்தைத் தாண்ட அவர்களுக்கு 102 வருஷம் ஆனது. நடுவில் செங்கத்தில் சண்டை, 1781-ல் இதே கரையில் கொஞ்சம் தெற்கே பரங்கிப்பேட்டையில் ஹைதரோடு சண்டை. கடற்கரையின் கதையும் கிருஷ்ணகிரி மலைக்கோட்டையின் கதையும் ஒரே கதைதான். வகுப்பில் இதை எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். எனக்கே உறைத்தது அந்த மணலில் நின்றபோதுதான்.

இனி நான் சொல்லப்போவதை, மற்றதை எல்லாம் விட்டாலும், ஐந்து பேரும் சேர்ந்து படியுங்கள்.

நாம் எல்லாரும் கிணற்றில் நீச்சல் கற்றவர்கள். இடுப்பில் சுரைக்குடுக்கை கட்டி, அப்பாவோ மாமாவோ மேலே இருந்து தள்ளிவிட்டு, பத்து நாளில் கிணற்று மேட்டில் இருந்து குதிக்கிற அளவுக்கு வந்திருப்போம். அதனால் நமக்குத் தண்ணீர் என்றால் பயம் இல்லை. கடலில் நம்மைக் கொல்வது அந்த பயமில்லாமைதான். எங்கள் ஐவரில் நன்றாக நீந்துகிறவர் விவசாயி நண்பர். புதுச்சேரிக்குத் தெற்கே ஒரு கடற்கரையில், காலை ஒன்பது மணி, இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார். அலையே இல்லாத ஒரு இடத்தைப் பார்த்து, "இங்க அமைதியா இருக்கு வாங்கடா" என்று நகர்ந்து போனார். நாங்கள் சட்டை கழற்றிக்கொண்டிருந்தோம். திரும்பிப் பார்ப்பதற்குள் தலை மட்டும் தெரிந்தது. கரையைப் பார்த்துக் கையைப் போட்டுப் போட்டு நீந்துகிறார், ஆனால் பின்னால்தான் போகிறார். கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த மீனவர் இருவர் பார்த்துவிட்டார்கள். ஒருவர் "எதுத்து வராத, பக்கவாட்டுல போ" என்று கத்திக்கொண்டே மிதவையோடு இறங்கி இழுத்து வந்தார். மணலில் படுக்க வைத்தபோது அவர் உடம்பு முழுக்க நடுங்கியது. இன்றைக்கும் அவர் முழங்காலுக்கு மேல் கடலில் இறங்குவதில்லை.

அந்த மீனவர் எங்களுக்கு மணலில் கோடு போட்டே காட்டினார். அலைகள் தண்ணீரைக் கரைக்குத் தள்ளிக்கொண்டே இருக்கின்றன. அந்தத் தண்ணீர் திரும்பிப் போக வழி வேண்டும். மணல்மேட்டுக்கு நடுவில் எங்கே பள்ளம் இருக்கிறதோ அந்த வழியாக எல்லாம் சேர்ந்து ஓடை மாதிரி உள்ளே போகும். பள்ளம் என்பதால் அந்த இடத்தில் அலை உடையாது. இரண்டு பக்கமும் வெள்ளையாக நுரைத்து, நடுவில் மட்டும் அமைதியாக, கலங்கலாக இருக்கும். நம்ம கண்ணுக்கு அதுதான் பத்திரமான இடமாகத் தெரியும், உண்மையில் அங்கேதான் இழுப்பு. மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி நீந்தக் கூடாது. ஆற்று வெள்ளத்தில் எதிர் நீச்சல் போடுவது மாதிரி, தெம்புதான் போகும். கரைக்கு இணையாக, இடது பக்கமோ வலது பக்கமோ நீந்தினால் அந்த ஓடையின் அகலத்தைத் தாண்டிவிடலாம். அப்புறம் அலையே கரைக்குக் கொண்டுவந்து விடும். நீந்தத் தெம்பில்லை என்றால் மல்லாந்து மிதந்து கையை ஆட்டுங்கள். கரையில் இருப்பவர் பின்னாலேயே குதிக்காமல், மிதக்கிற எதையாவது, காலி கேன் ஆனாலும் சரி, தூக்கிப் போட வேண்டும். இறங்கும் முன் உள்ளூர் மீனவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். குடித்துவிட்டு யாரும் தண்ணீர்ப் பக்கமே போகக் கூடாது என்பதை வீட்டில் இருந்து கிளம்பும்போதே ஐந்து பேரும் பேசி முடித்துக்கொள்ளுங்கள். அங்கே போய்ப் பேசினால் நடக்காது.

மதியத்துக்கு மேல் புதுச்சேரி. மூன்றாம் நாளும் இங்கேதான். கடலூரில் இருந்து இருபது கிலோமீட்டர் சொச்சம்தான். வாடகை வேன் என்றால் புதுச்சேரி பர்மிட் பற்றி டிரைவரிடம் முன்னாலேயே பேசிவிடுங்கள். திரும்பும்போது பாட்டில் கொண்டுவந்து செக்போஸ்ட்டில் நின்று ஒரு நாளைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். புதுச்சேரியில் என்ன பார்ப்பது என்று எல்லாருக்கும் தெரியும் என்பதால் நான் இரண்டே இரண்டு சொல்கிறேன்.

ஒன்று, கடற்கரைச் சாலையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் கல்தூண்கள். ராத்திரி வண்டிகளை நிறுத்திவிட்டு நடக்க மட்டும் விடும் நேரத்தில் போய் அவற்றின் அருகே நின்று வேலைப்பாட்டைப் பாருங்கள். அவை செஞ்சியில் இருந்து கொண்டுவந்தவை என்பார்கள். 1750-ல் இருந்து 1761 வரை செஞ்சிக் கோட்டை பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. நான்காம் நாள் நீங்கள் செஞ்சிக்குப் போகும்போது, கோயில் மண்டபங்களில் தூண்கள் இருந்து எடுக்கப்பட்ட வெற்றிடங்களைப் பார்க்கையில் இது ஞாபகம் வரும்.

இரண்டு, அரிக்கமேடு. ஊருக்குத் தெற்கே அரியாங்குப்பம் ஆற்றங்கரையில். 1945-ல் மார்ட்டிமர் வீலர் இங்கே தோண்டியபோது, ரோமாபுரியோடு வணிகம் நடந்ததற்குச் சான்றாக மதுச்சாடிகளும் இத்தாலிய மட்பாண்டங்களும் கிடைத்தன. கல்மணியும் கண்ணாடி மணியும் செய்த ஊர் இது. ஆனால் நேராக அங்கே போனால் தோப்பும், 18-ஆம் நூற்றாண்டு மிஷன் கட்டடம் ஒன்றின் செங்கல் சுவரும்தான் இருக்கும். "இதுக்கா கூட்டிட்டு வந்தே?" என்று நண்பர்கள் கேட்பார்கள். அதனால் முதலில் ஊருக்குள் உள்ள அருங்காட்சியகத்தில் அந்தச் சாடிகளையும் மணிகளையும் பார்த்துவிட்டு, அப்புறம் இங்கே வாருங்கள். அப்போது காலடியில் உள்ள ஓட்டுச்சில்லு கூடப் பேசும். எதையும் பொறுக்கிப் பையில் போடாதீர்கள்.

நான்காம் நாள் செஞ்சி. விடியும் முன் புதுச்சேரியை விட்டுத் திண்டிவனம் வழியாக வந்தால் வெயில் ஏறும் முன் அடிவாரம் சேரலாம். சாயங்காலம் நெருங்கினால் ராஜகிரி ஏற விடமாட்டார்கள், அதனால் காலைதான் சரி. மூன்று மலைகள்: ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி. ஆமாம், அங்கேயும் ஒரு கிருஷ்ணகிரி. 1677-ல் சிவாஜி பிடித்த கோட்டை. பின்னால் அவர் மகன் ராஜாராம் உள்ளே இருக்க, மொகலாயப் படை வருஷக்கணக்கில் முற்றுகையிட்டு 1698-ல்தான் உள்ளே நுழைய முடிந்தது. ஏன் அத்தனை வருஷம் என்பது ராஜகிரியின் உச்சிக்குக் கொஞ்சம் கீழே தெரியும். பாறை பிளந்து ஒரு கிடங்கு. அதன் மேல் ஒரு சின்னப் பாலம். அதை எடுத்துவிட்டால் மேலே இருப்பவரை யாரும் நெருங்க முடியாது. 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த பன்னிரண்டு மராட்டியர் கோட்டைகளில் தமிழ்நாட்டில் உள்ளது இது ஒன்றுதான். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். கையில் தின்பண்டம் வெளியே தெரிய வேண்டாம், குரங்குகள் பிடுங்கிவிடும். மூட்டு வலி உள்ளவர்கள் கீழே கல்யாண மகாலையும் களஞ்சியத்தையும் பார்த்துக்கொண்டு இருக்கலாம்.

1714-ல் இங்கே போரில் இறந்த தேசிங்கு ராஜாவின் கதையைச் சின்ன வயதில் நம்ம பக்கத்துக் கூத்தில் பார்த்திருப்பீர்கள். அந்தக் கதையில் எனக்குப் பிடித்தவன் ராஜா இல்லை, அவன் நண்பன் மோவுத்துக்காரன். கல்யாண மாலையைக் கழற்றி வைத்துவிட்டுச் சினேகிதனுக்காகப் போருக்கு வந்தவன். மேலே உட்கார்ந்து இளைப்பாறும்போது உங்களில் கதை தெரிந்தவர் மற்றவர்களுக்குச் சொல்லுங்கள்.

வண்டி ஓட்ட ஆள் இல்லை, ரயிலில்தான் போக முடியும் என்றால் காவிரி வழி இருக்கிறது. மைசூரில் இருந்து தர்மபுரி, ஈரோடு, திருச்சி வழியாக மயிலாடுதுறைப் பக்கம் போகும் இரவு ரயில் உண்டு. நேரத்தையும் டிக்கெட்டையும் முன்னாலேயே பார்த்துக்கொள்ளுங்கள். மயிலாடுதுறையில் இறங்கி ஒரு நாள் பூம்புகார், ஒரு நாள் தரங்கம்பாடி. தரங்கம்பாடியில் 1620-ல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி வாங்கி டென்மார்க்காரர்கள் கட்டிய டேன்ஸ்போர்க் கோட்டை இன்றும் கடலைப் பார்த்து முழுசாக நிற்கிறது. 1706-ல் வந்த பாதிரியார் சீகன்பால்க் தமிழ் படித்து, அச்சகம் நிறுவிய ஊர். 1845-ல் டென்மார்க்காரர்கள் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். கோட்டைக்குப் பக்கத்தில் கடல் அரித்துத் தின்றது போக மிச்சமாய் நிற்கும் மாசிலாமணிநாதர் கோயிலை மறக்காதீர்கள், பாண்டியர் காலத்தது. சத்தமில்லாத ஊர் வேண்டும் என்பவர்களுக்குப் புதுச்சேரியைவிட இதுதான் நல்லது.

பிப்ரவரி நல்ல மாதம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை இந்தக் கரைக்குப் போகத் திட்டமிடாதீர்கள், மழையும் புயலும். ஏப்ரல் 15-ல் இருந்து ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை, அப்போது நல்ல மீன் கிடைப்பது குறைவு, விலையும் அதிகம். கடலில் நிலா எழும்புவதைப் பார்க்க ஆசை இருந்தால் பௌர்ணமிக்கு அடுத்த நாள் கடற்கரையில் இருக்கிற மாதிரி தேதி வையுங்கள். பௌர்ணமி அன்று நிலா பொழுது சாயும் நேரத்திலேயே வெளிச்சத்தோடு வந்துவிடும். அடுத்த நாள் முக்கால் மணி நேரத்துக்கு மேல் தாமதமாக, நன்றாக இருட்டிய பிறகு, செம்பு நிறத்தில் எழும்பும். அதோடு பௌர்ணமியில் திருவண்ணாமலைச் சாலைகள் எல்லாம் கிரிவலக் கூட்டம், வண்டி நகராது. நீங்கள் போகும்போதும் வரும்போதும் அந்த நாள் அமையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பணம் பற்றி ஒன்று. கிளம்பும் முன் ஐந்து பேரும் ஒரே தொகையை ஒருவர் கையில் கொடுத்துவிடுங்கள். டீயில் இருந்து அறை வாடகை வரைக்கும் அவரே கொடுக்கட்டும். தீர்ந்தால் மறுபடி சமமாகப் போடுங்கள், மிஞ்சினால் பிரித்துக்கொள்ளுங்கள். கையில் காசு குறைவாக உள்ள நண்பன் ஒருவன் எல்லாக் கூட்டத்திலும் இருப்பான். தொகையை அவனால் முடிகிற அளவுக்கு வையுங்கள், அறையும் சாப்பாடும் அதற்குள் பாருங்கள். சனி ஞாயிறில் புதுச்சேரியில் அறை வாடகை ஏறிவிடும், அதனால் அந்த இரண்டு நாளும் திருக்கோவிலூர், கடலூர்ப் பக்கம் வருகிற மாதிரி நாளை மாற்றி வைத்துக்கொண்டால் நல்ல மிச்சம்.

காவேரிப்பட்டணம் வழியாக வருவதாக இருந்தால் ஒரு கிலோ நிப்பட்டு (தட்டை மாதிரி பலகாரம்) வாங்கி வண்டியில் போட்டுக்கொள்ளுங்கள். நான்கு நாளும் கெடாது. தாழங்குடாவில் சூரியன் வருவதற்குக் காத்திருக்கும்போது வலைக்காரர்களுக்கும் நான்கு கொடுங்கள்.